மோர்னே, 2004: குளோரின் கலந்த தண்ணீரும் மஞ்சள் காமாலையும்

2004-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், சூடானின் மேற்கு டார்ஃபூரில் உள்ள மோர்னே முகாமின் மருத்துவமனைக்குக் கண் மஞ்சளித்தவர்கள் வரத் தொடங்கினார்கள். ஆறு மாதங்களில் அவர்களின் எண்ணிக்கை 2,621 ஆனது. 45 பேர் இறந்தார்கள். நோயின் பெயர் ஹெபடைடிஸ் ஈ. மனித மலம் கலந்த தண்ணீரைக் குடிப்பதால் வரும் கல்லீரல் அழற்சி அது.

நெரிசலான முகாமில் தண்ணீரால் ஒரு நோய் பரவுவதில் வியப்பில்லை. மோர்னேயை இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் எடுத்துப் பேசவேண்டியிருப்பது வேறொரு காரணத்தால். யார் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று தொற்றுநோய் ஆய்வாளர்கள் விசாரித்தபோது, குளோரின் கலந்து வழங்கப்பட்ட மேற்பரப்பு நீரைக் குடித்தவர்களுக்கே நோய்வாய்ப்பு கூடுதலாக இருந்தது. உதவிக்கு வந்தவர்கள் சுத்திகரித்துக் கொடுத்த தண்ணீர் அது.

இடமும் மக்களும்

மோர்னே, எல் ஜெனீனா நகருக்குத் தென்கிழக்கே உள்ள ஊர். போருக்கு முன் சில ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். 2003-லும் 2004-ன் தொடக்கத்திலும் அரசுப் படையும் ஜஞ்சவீத் ஆயுதக் குழுக்களும் சுற்றுவட்டாரக் கிராமங்களை எரித்தபோது, உயிர் தப்பியவர்கள் இங்கே வந்து குவிந்தார்கள். விசாரணை நடந்த காலத்தில் முகாமின் மக்கள் தொகை 78,800. எல்லை தாண்டாதவர்கள் என்பதால் சட்டப்படி இவர்கள் அகதிகள் அல்லர், சொந்த நாட்டிலேயே இடம்பெயர்ந்தவர்கள். தாகத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஆனால் உதவி அமைப்புகளின் அனுமதிச் சீட்டுகளும் பயண அனுமதிகளும் இதைப் பொறுத்தே கிடைத்தன அல்லது கிடைக்காமல் போயின.

78,800 என்ற எண்ணைத் தண்ணீராக மாற்றிப் பார்ப்போம். நெருக்கடிக் காலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும் என்பது உதவிப் பணியாளர்கள் கைக்கொள்ளும் ஸ்ஃபியர் அளவுகோல். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்துத்தான் இந்த 15. அப்படியானால் முகாமுக்கு நாளொன்றுக்கு 11,82,000 லிட்டர். 10,000 லிட்டர் லாரியில் கொண்டுவருவதென்றால் 118 நடை. 250 பேருக்கு ஒரு குழாய் என்றால் 315 குழாய்கள். 20 பேருக்கு ஒரு கழிப்பிடம் என்றால் 3,940 கழிப்பிடங்கள். ஒரு சிற்றூரைச் சில மாதங்களில் நகரமாக்கிவிட்டு, அதற்கான குழாயும் கழிப்பிடமும் அதே சில மாதங்களில் எழும்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பதாகும் இது. முதலில் தள்ளிப்போவது கழிப்பிடம்தான். தண்ணீர் இல்லாவிட்டால் மூன்று நாளில் தெரிந்துவிடும். கழிப்பிடம் இல்லாதது வெளியே தெரிவதற்கு மழை வரவேண்டும்.

மேற்கு டார்ஃபூரின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது பழைய கடினப் பாறை. நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளிலும், காட்டாறுகளின் மணற்படுகைகளிலும்தான் தங்கும். ‘வாடி’ என்று அரபியில் சொல்லப்படும் இந்தக் காட்டாறுகள் ஆண்டில் பல மாதங்கள் வெறும் மணலாகக் கிடக்கும். மக்கள் மணலைத் தோண்டி ஊற்றெடுப்பார்கள். ஜூன் வாக்கில் மழை தொடங்கியதும் அதே மணல்வெளியில் செந்நீர் புரண்டு ஓடும். சாலைகள் அறுபடும், லாரிகள் நிற்கும். அதுவரை வெட்டவெளியில் கிடந்ததையெல்லாம் மழை வாரிக்கொண்டு போய் ஆற்றில் சேர்க்கும். பாலைநிலத்தில் குடிநீர்ச் சிக்கல் என்றால் வறட்சியை மட்டுமே நினைக்கிறோம். தொற்றின் கணக்கில் ஆபத்தான நாட்கள் மழை நாட்கள்தான்.

இந்த முகாமுக்கு வெளியே போய் நீர் எடுத்துக்கொள்ளலாம் என்ற வழியும் அடைபட்டிருந்தது. டார்ஃபூரில் விறகுக்கும் தண்ணீருக்கும் முகாமைத் தாண்டிப் போன பெண்கள் வல்லுறவுக்கு ஆளானது அந்த ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் பதிவாகியுள்ளது. ஆண்கள் போனால் கொல்லப்படுவார்கள் என்பதால் பெண்களை அனுப்பினோம் என்று குடும்பங்கள் சொல்லிய காலம் அது. ஆகவே, தொலைவில் நல்ல ஊற்று இருக்கிறது என்பதால் மட்டும் அது இம்மக்களின் தண்ணீர் ஆகிவிடாது.

இருவகைத் தண்ணீர்

முகாமில் ஒரு பகுதியினர் நிலத்தடி நீரைக் குடித்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு மேற்பரப்பு நீரை எடுத்துக் குளோரின் கலந்து வழங்கினார்கள். இப்படி இரண்டையும் ஓட்டுவதில் தவறேதும் இல்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டக் கருவி வரவேண்டும், பாறை வெடிப்பு எங்கே என்று தெரியவேண்டும், தோண்டிய பிறகும் வறண்ட துளையாகப் போகலாம். ஆற்று நீரோ கண்ணெதிரே இருக்கிறது. பம்பும் தொட்டியும் குளோரின் தூளும் இருந்தால் சில நாட்களில் குழாயில் தண்ணீர் வரும்.

குளோரின் மீது உதவிப் பணியாளர்களுக்கு இருக்கும் பிரியத்தை ஒரு சிறு கணக்கு விளக்கிவிடும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் போட்டால், 11,82,000 லிட்டருக்குத் தேவை 2.4 கிலோவுக்கும் சற்றுக் குறைவான குளோரின். கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளில் மூன்றில் இரண்டு பங்கு பயன்படும் குளோரின். ஆக, ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் கொண்ட முகாமுக்கு நாளொன்றுக்கு மூன்றரைக் கிலோ தூள். ஒரு ஆள் தோளில் சுமந்து கொண்டுபோய்விடலாம். சாலை அறுபட்டுக் கிடக்கும் போர்க்களத்தில் இதைவிட மலிவாக உயிர் காக்கும் பொருள் மிகக் குறைவு. வாந்திபேதியையும் டைபாய்டையும் குளோரின் தடுத்ததில் ஐயமே இல்லை.

நோயும் அதன் காலக்கணக்கும்

ஹெபடைடிஸ் ஈ வைரஸ் உடலில் புகுந்து கண் மஞ்சளிக்கும்வரை இரண்டு முதல் பத்து வாரங்கள் ஆகலாம். சராசரியாக ஐந்தாறு வாரம். அதாவது, இன்று மருத்துவமனைக்கு வருபவர் குடித்த தவறான தண்ணீர் சென்ற மாதத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. இன்று குழாயைத் திறந்து சோதித்துப் பார்ப்பவருக்கு அந்தத் தண்ணீர் கிடைக்காது. இன்று குறையைச் சரிசெய்தாலும் அடுத்த ஐந்தாறு வாரம் நோயாளிகள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். சரிசெய்தவர்களுக்கு அவநம்பிக்கை வரும், மக்களுக்கும் வரும்.

தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது. எனவே முகாம் மக்களில் 3.3 சதவீதத்தினருக்குக் காமாலை வந்தது என்றால் வைரஸ் போய்ச் சேர்ந்த வீடுகள் அதைவிட மிகப் பல என்றே கொள்ளவேண்டும். காமாலை வந்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். மொத்த இறப்பு விகிதம் 1.7 சதவீதம்தான்.

ஆனால் இந்த ‘தான்’ கர்ப்பிணிகளுக்குப் பொருந்தாது. 2004 ஜூலை இறுதியிலிருந்து டிசம்பர்வரை மோர்னே மருத்துவமனையில் இந்நோயோடு சேர்க்கப்பட்ட கர்ப்பிணிகள் 61 பேர். அவர்களில் 19 பேர் இறந்தார்கள். 31.1 சதவீதம். முகாமில் இந்நோயால் இறந்த 45 பேரில் 19 பேர் என்றும் இதைச் சொல்லலாம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இந்த வைரஸ் ஏன் இவ்வளவு கொடூரமாகிறது என்பதற்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. குறிப்பான மருந்தும் இல்லை. உடலைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சை மட்டுமே. முகாம் மருத்துவமனையில் கல்லீரல் செயலிழந்த ஒரு கர்ப்பிணியைத் தாங்கிப் பிடிக்க இருப்பது மிகக் கொஞ்சம்.

விசாரணை

ஆய்வாளர்கள் நோயுற்றவர்களையும், முகாமிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்த மற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டு விஷயங்கள் தனித்துத் தெரிந்தன. ஒன்று வயது: 15 முதல் 45 வயதினருக்கு நோய் அதிகம். இது ஹெபடைடிஸ் ஈ எங்கே வந்தாலும் காணப்படுவது. மற்றது தண்ணீர்: குளோரின் கலந்த மேற்பரப்பு நீரைக் குடித்தவர்களின் நோய்வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு.

இந்த இரண்டரை மடங்கை அப்படியே விழுங்கக் கூடாது. அதன் புள்ளியியல் நம்பக எல்லை, அதாவது உண்மையான மடங்கு இருக்கக்கூடிய வரம்பு, 1.2-லிருந்து 5 வரை நீள்கிறது. ஆற்று நீர்க் குழாய் இருந்த பகுதியில் நெரிசல் கூடுதலாக இருந்திருந்தாலோ, கழிப்பிடம் குறைந்திருந்தாலோ, தண்ணீர்மீது விழும் பழியில் ஒரு பங்கு உண்மையில் அவற்றுடையதாக இருக்கலாம். வீட்டுக் கேனில் கை பட்டுத் தொற்றியிருக்கவும் கூடும். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், குளோரின் போட்டதால் அந்தத் தண்ணீர் பாதுகாப்பானது என்று சொல்ல இந்த முடிவு இடம் கொடுக்கவில்லை. ஆய்வாளர்களும் குடிநீரே தொற்றின் மூலமாக இருக்கலாம் என்ற இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

குளோரின் எங்கே தோற்கிறது

குளோரின் கிருமியைத் தொட்டதும் கொன்றுவிடுவதில்லை. அதன் செறிவையும், அது தண்ணீரோடு இருக்கும் நேரத்தையும் பெருக்கி வரும் தொகைதான் கணக்கு. லிட்டருக்குக் குறைந்தது 0.5 மில்லிகிராம், அரை மணி நேரம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதுவும் கார அமிலத்தன்மையின் அளவு (pH) 8-க்குக் கீழே இருந்தால். தொட்டி நிரம்பும்போதே கீழே கேன்கள் நிரம்பிக்கொண்டிருந்தால் அரை மணி நேரம் கிடைக்காது. வெயிலில் நீளும் வரிசையைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் குழாயைப் பூட்டி வைப்பது தாளில் எழுதுவதுபோல் எளிதல்ல.

இரண்டாவது, கலங்கல். மழைக்கால வாடி நீரில் களிமண் துகள்களும் மலத்துகள்களும் மிதக்கும். துகளுக்குள் பொதிந்த வைரஸைக் குளோரின் எட்டுவதில்லை. போகும் வழியில் கரிமப் பொருட்களே குளோரினைத் தின்றுவிடுகின்றன. கலங்கலை அளக்கும் அலகில் (NTU) 5-க்குக் கீழே வந்த பிறகே குளோரின் போடவேண்டும் என்ற விதி இதனால்தான்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் சங்கடமாகப் படுவது. களத்தில் தண்ணீரைச் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சிறு மாத்திரையைக் கரைத்து நீர் இளஞ்சிவப்பாகிறதா என்று பார்ப்பது. குளோரின் எஞ்சியிருக்கிறது என்பதை அது காட்டும். மற்றது, மலத்தின் அடையாளமான ஈ.கோலி பாக்டீரியா வளர்கிறதா என்று ஒரு நாள் வைத்துப் பார்ப்பது. ஈ.கோலி குளோரினுக்கு எளிதில் சாகும். துகளுக்குள் ஒளிந்த வைரஸ் பிழைத்திருக்கும்போதே ஈ.கோலி பூஜ்யம் என்று வரும். இளஞ்சிவப்பும் சரி, பூஜ்யமும் சரி, பதிவேட்டில் எல்லாம் சரி. வைரஸைத் தேடும் சோதனை முகாம் கூடாரத்தில் நடப்பதில்லை.

இதில் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இருக்கவில்லை என்பதுதான் வேதனை. 1955 நவம்பரில் டெல்லியில் யமுனையின் போக்கு மாறி, நஜஃப்கர் வாய்க்காலின் கழிவுநீர் வஜீராபாத் குடிநீர் நிலையத்தின் வாயிலுக்கே வந்து சேர்ந்தது. பொறியாளர்கள் குளோரினைக் கூட்டினார்கள். டைபாய்டும் சீதபேதியும் கூடவில்லை. ஆனால் 29,000 பேருக்கு மேல் காமாலை வந்தது. பாக்டீரியா செத்தது, வைரஸ் கடந்துவிட்டது. அப்போது அந்த வைரஸுக்குப் பெயர்கூட இல்லை. ஆப்கானிஸ்தானில் சோவியத் படைமுகாம் ஒன்றில் காமாலை பரவியபோது, மிகயீல் பலயான் என்ற அறிவியலாளர் நோயாளிகளின் மலச் சாற்றைத் தாமே விழுங்கி நோயை வரவழைத்துக்கொண்டு வைரஸைக் கண்டார். அதன் விவரம் 1983-ல் வெளியானது. டெல்லியில் நடந்தது ஹெபடைடிஸ் ஈ என்று பின்னோக்கித்தான் தெரிந்தது. அரை நூற்றாண்டு கழித்து மோர்னேயில் பெயரும் தெரியும், பாடமும் தெரியும்.

மாற்று வழியும் அதன் எடையும்

பாடத்தின்படி செய்ய வேண்டியது எளிது: கலங்கலை முதலில் தெளியவை. படிகாரம் கலந்தால் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் படியும். அவற்றோடு வைரஸின் பெரும்பகுதியும் படியும். தெளிந்த நீரை மட்டும் அடுத்த தொட்டிக்கு எடுத்துக் குளோரின் போடவேண்டும்.

இதற்கும் எடை பார்ப்போம். லிட்டருக்கு 50 முதல் 100 மில்லிகிராம் படிகாரம் என்றால் நாளொன்றுக்கு 59 முதல் 118 கிலோ. குளோரின் தூளைவிட ஏறக்குறைய இருபது, முப்பது மடங்கு. அவசரகாலத் தொட்டிகளில் பெரியது 95,000 லிட்டர் கொள்ளும். அதை நாளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று முறை நிரப்பி, ஒவ்வொரு முறையும் சில மணி நேரம் அசையாமல் வைத்து, பிறகு இறைக்கவேண்டும். ஒரு தொட்டி போதாது, வரிசையாக வேண்டும். அடியில் சேரும் சேற்றை அள்ளிப் புதைக்க இடம் வேண்டும். ஆற்றின் கலங்கல் மழைக்கு மழை மாறும் என்பதால், ஒவ்வொரு நாளும் சிறு குடுவைகளில் அளவு பார்த்துப் படிகாரத்தைக் கூட்டிக் குறைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். சாலை நன்றாக இருந்தால் இதெல்லாம் செய்துவிடலாம். ஆயுதம் தாங்கியவர்கள் லாரியை மறிக்கும் சாலையில், நூறு கிலோ படிகாரம் தினமும் வந்து சேரும் என்று யார் உறுதி தருவது?

சூடானுக்கே உரிய ஒரு பழைய முறையை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. நைல் கரைப் பெண்கள் வெள்ளக்காலச் செந்நீரைத் தெளியவைக்க முருங்கை விதையை இடித்துக் கலந்து வந்திருக்கிறார்கள். அந்த மரத்துக்கே அவர்கள் ‘தெளிவிக்கும் மரம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். விதையில் உள்ள புரதம் படிகாரத்தின் வேலையைச் செய்கிறது. ஒரு குடம் தண்ணீருக்கு இது நல்ல வழி. பன்னிரண்டு லட்சம் லிட்டருக்கு இதை நீட்டுவது வெறும் ஆசை. ஆனாலும் வீட்டுக் கேன் அளவில் தெளிவிப்பதை மக்கள் அறிந்திருக்கிறார்கள் என்பது, துகள்களைத் திரளவைத்துப் படியவைக்கும் பொருளும் குளோரினும் சேர்ந்த பொட்டலங்களை வீடுவீடாகக் கொடுக்கும் இடங்களில் உதவும் அறிவு.

என் தேர்வு நிலத்தடி நீர்தான். மணற்படுகையும் பாறைக்கு மேலுள்ள மண்ணும் இயல்பான வடிகட்டிகள். படிகாரமும் சேறள்ளும் வேலையும் இல்லை. தொடக்கத்தில் துளை வறண்டு போகும், நாள் கடக்கும், ஏன் தாமதம் என்று கேள்வி வரும். அந்த நாட்களில் ஆற்று நீரைக் குடிக்காமலிருக்கவும் முடியாது. ஆற்று நீர் நிலையத்தைத் திறந்ததோடு கிணறு தோண்டும் வேலை பின்னால் தள்ளப்படுவதைத்தான் தடுக்கவேண்டும். குழாயில் தண்ணீர் வந்ததும் நன்கொடையாளரின் அவசரம் அடங்கிவிடும். அந்த அடக்கம்தான் ஆபத்து.

குழாய்க்குப் பிறகு

குழாயடியில் சரியாக இருந்த தண்ணீர் வீட்டில் என்ன ஆகிறது என்ற கேள்விக்கு எட்டாண்டு கழித்துத் தெற்கு சூடானில் விடை கிடைத்தது. 2012-ல் சூடானின் புளூ நைல் மாநிலத்திலிருந்து தப்பி வந்தவர்கள் மபான் பகுதியில் ஜமாம், பட்டில், ஜென்ட்ராசா, டோரோ ஆகிய முகாம்களில் தங்கினார்கள். அங்கும் ஹெபடைடிஸ் ஈ. 2013 ஜனவரி இறுதிக்குள் 5,080 காமாலை நோயாளிகள் பதிவானார்கள்.

அங்கே ஆய்வாளர்கள் குழாயில் பிடித்த தண்ணீரைப் பின்தொடர்ந்து, வீட்டுப் பாத்திரத்தில் மணிக்கணக்கில் குளோரின் எப்படிக் கரைந்துபோகிறது என்று அளந்தார்கள். வெயில், அழுக்குக் கேன், கை, குவளை எல்லாம் சேர்ந்து அதைத் தின்றன. வழக்கமான 0.2 முதல் 0.5 மில்லிகிராம் அளவு குழாயடியிலேயே இருந்தால் வீட்டில் மாலைக்குள் ஒன்றும் மிஞ்சுவதில்லை. பத்து மணி நேரம் கழித்தும் 0.2 மில்லிகிராம் இருக்கவேண்டுமானால் குழாயடியில் 1 மில்லிகிராம் வேண்டும் என்று 2015-ல் வெளியான அவர்களின் ஆய்வு பரிந்துரைத்தது. ஒரே விதியை எல்லா முகாமுக்கும் ஒட்டாமல், அந்தந்த முகாமின் வீட்டு அளவீட்டிலிருந்து குழாய் அளவைக் கணிக்கும் முறையும் அதிலிருந்து வளர்ந்தது. குளோரின் வாடை பிடிக்காமல் மக்கள் பழைய குட்டைக்கே திரும்பிவிடக்கூடும் என்பது இதன் மறுபக்கம். அளவைக் கூட்டுபவர்கள் அதையும் கேட்டுத்தான் கூட்டவேண்டும்.

தடுப்பூசி ஒன்று சீனாவில் 2011-லேயே அனுமதி பெற்றது. பரவல் நேரத்தில் அதை முதன்முறையாக மக்களுக்குப் பெருமளவில் போட்டது 2022 மார்ச்சில், தெற்கு சூடானின் பென்டியூ முகாமில். தெற்கு சூடான் சுகாதார அமைச்சகமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து செய்தன. கர்ப்பிணிகளுக்கும் போட்டார்கள். மூன்று தவணை, முதல் ஊசிக்கும் மூன்றாவது ஊசிக்கும் இடையே ஆறு மாதம். மோர்னேயின் பரவல் தொடங்கி முடிந்ததே ஆறு மாதத்தில்.

2023-ல் சூடானில் மீண்டும் போர் மூண்டபோது மோர்னே தாக்கப்பட்டு எரிக்கப்பட்டது. மேற்கு டார்ஃபூரிலிருந்து தப்பியவர்களில் பெருந்தொகையினர் எல்லை கடந்து சாட் நாட்டின் அட்ரேக்குப் போனார்கள். அட்ரே, ஹஜர் ஹதீத் சுகாதார மாவட்டங்களைக் கொண்ட ஊவாதாய் மாகாணத்தில் 2024-ன் முதல் நான்கு மாதங்களில் ஹெபடைடிஸ் ஈ என்று ஐயப்பட்ட நோயாளிகள் 2,000-ஐத் தாண்டினார்கள். அட்ரேயில் குடிநீர் லாரிகளில் வந்துகொண்டிருந்தது.